அடுப்படிக்குள் செருப்பு

செருப்பை வாசல்லயே விட்டுடுங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அது செருப்பு இல்லியா, ஷூவா? ஷூவா இருந்தாலும் இந்த வீட்டுல அதேதான். முப்பத்தெட்டு வருஷமா இந்த நிலைவாசலைத் தாண்டி ஒரு செருப்பு உள்ள வந்ததில்ல, ஒரே ஒரு ஜோடியைத் தவிர. அந்த ஒரு ஜோடியாலதான் இன்னிக்கு நீங்களே வந்திருக்கீங்க.

மெயின் போர்டு அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கு. அது என்ன, பையிலேர்ந்து பாய் எடுக்கறீங்க? ரப்பர் பாயா, மேல நிக்கிறதுக்கா? தாராளமா விரிச்சுக்குங்க. பாய்க்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

உங்க பேரைத் தவமணின்னு என் மச்சான் சொன்னதும் நான் ஆம்பளைன்னு நினைச்சுட்டேன். நீங்க பையோட வந்து நின்னப்ப, எலெக்ட்ரீஷியன் பின்னால வர்றார்போலன்னு தெருவை எட்டிப் பார்த்தேன் பாருங்க, அதை மனசுல வச்சுக்காதீங்க. லைசென்ஸ் அட்டையைக் காட்டினீங்க, பார்த்துட்டேன். அட்டை சரியா இருக்கு. அட்டை பார்க்கறதுல எனக்கு அனுபவம் உண்டு. எடை, அளவெல்லாம் சோதிச்சு முத்திரை குத்தற ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் ஆய்வாளர் நான். நமசிவாயம்னா இந்த ஊர்க் கடைத்தெருவுல தராசு தானா நேரா நிக்கும்.

வேலை பெரிசா ஒண்ணும் இல்லம்மா. வேலையெல்லாம் வைரவன் முடிச்சுட்டான். நீங்க ஒரு சுத்து பார்த்துட்டு, இந்த வீட்டுக் கரண்ட் நல்லா இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி, லைசென்ஸ் நம்பரைப் போட்டு, கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நாலு மணி பஸ்ஸுக்கு நான் கும்பகோணம் போகணும். தாளைக் காட்டினாத்தான் என் சம்சாரம் கூட வருவா. நாற்பத்து மூணு நாளா தம்பி வீட்டுல இருக்கா. லைசென்ஸ் இருக்கற ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும், அதுக்கப்புறம்தான் அந்தப் படியில கால் வைப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா.

எதுக்காகப் போனான்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்காக. நீலக் கலர். வேற எதுக்கும் இல்ல.

நீங்க திருகுங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். நாற்பத்து மூணு நாளா சுவத்தோடதான் பேச்சு.

லைசென்ஸ் ஆளை நான் கூப்பிடாம இல்லம்மா. பன்னெண்டு வருஷம் முன்னால கூப்பிட்டேன். அகிலாண்டத்துக்கு, அதான் என் சம்சாரத்துக்கு, கிரைண்டர் வாங்கினோம். அடுப்படியில அதுக்கு ஒரு பிளக் பாயின்ட் வேணும், அவ்வளவுதான். ஒருத்தர் வந்தார். பாக்கெட்ல பேனா, கண்ணாடி. வீட்டைச் சுத்தினார். பின்னால போய்க் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் வந்து, இந்த வீட்டுக்கு எர்த்தே இல்ல சார், முதல்ல கொல்லையில ஒரு குழி வெட்டணும், தகடு புதைச்சு உப்பும் கரியும் போடணும், அதுலேர்ந்து கம்பி இழுக்கணும், அது வரைக்கும் அடுப்படியில பாயின்ட் தர முடியாதுன்னுட்டார்.

நான் கேட்டது ஒரு பிளக். அவர் சொன்னது ஒரு குழி. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். முடியாதுங்கறார். என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்கிட்டயே முடியாதுங்கறார். முப்பத்தொரு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லித்தாம்மா நான் சம்பளம் வாங்கினேன். எதுக்காக அதைச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பி வச்சுட்டேன்.

அந்த வாரமே வைரவன் கிடைச்சான். கோயில் விசேஷத்துக்கு சீரியல் பல்பு போடறவன். தோரணம் கட்டுவான், பெயின்ட் அடிப்பான், ஓடு மாத்துவான், தேங்காயும் பறிப்பான். ஒரு கையில சுத்தியல், ஒரு கையில டெஸ்டர். அவன்கிட்ட எனக்குப் பிடிச்சதே ஒரு வார்த்தைதான். எதைச் சொன்னாலும், ‘செஞ்சிரலாம் சார்’ம்பான். முகத்தைச் சுளிக்க மாட்டான், எதிர்க் கேள்வி கேட்க மாட்டான். நம்ம வாயிலேர்ந்து சொல் வர்றதுக்குள்ள அவன் ஏணியில பாதி ஏறியிருப்பான்.

எர்த் வேணும்னு அந்த ஆள் சொன்னாரேப்பான்னு நானும் கேட்டேன். கேட்காம விடலை. வைரவன் சிரிச்சான். தண்ணிக் குழாய் எங்க சார் போகுது, மண்ணுக்குள்ளதானே, எர்த்துன்னா மண்ணுதானே, அப்ப குழாய்தான் எர்த்துன்னான். பிளக்லேர்ந்து ஒரு பச்சைக் கம்பியை இழுத்து, பாத்திரம் கழுவற தொட்டிக்கு மேல இருக்கற குழாயோட சேர்த்துச் சுவத்துக்குள்ள கட்டி, மேல சிமென்ட் பூசிட்டான். ரெண்டு மணி நேரம். குழி இல்ல, உப்பு இல்ல, கரி இல்ல. படிச்சவனுக்கும் புத்தி உள்ளவனுக்கும் வித்தியாசம் அதுதான்னு அன்னிக்கு அகிலாண்டத்துகிட்ட சொன்னேன். அவ புதுக் கிரைண்டரைத் துடைச்சுக்கிட்டிருந்தா. அவ அப்படித்தான், பெரிசாப் பேச மாட்டா.

அந்த ஸ்விட்சா? அது வாசல் விளக்குக்கு. ஹால் ஃபேனைப் போட்டாத்தான் அது வேலை செய்யும். ஏன்னு எனக்கும் தெரியலை, ஆனா பழகிப்போச்சு. சாயங்காலமானா ஃபேனும் வேணும், விளக்கும் வேணும், ரெண்டும் சேர்ந்து வர்றது வசதிதானே. மார்கழியிலதான் கொஞ்சம் குளிரும்.

குழாய் பழைய இரும்புக் குழாய். அஞ்சாறு வருஷத்துல துருப் பிடிச்சுத் தண்ணி செம்மண் கலர்ல வந்தது. வைரவனைக் கூப்பிட்டேன். செஞ்சிரலாம்னான். தெருவுலேர்ந்து அடுப்படிச் சுவர் வரைக்கும் பூரா பிளாஸ்டிக் குழாயா மாத்திட்டான். சுவத்துக்குள்ள இருக்கற துண்டு மட்டும் பழைய இரும்பு, அதுல கை வைக்கலை. என்னம்மா, ஏன் திரும்பிப் பார்க்கறீங்க? ஆமா, பிளாஸ்டிக்தான். துருவே பிடிக்காது.

இன்னொரு பெட்டி இருக்கே, அதைத்தானே பார்க்கறீங்க? அது மாப்பிள்ளை உபயம். மூணு வருஷம் முன்னால பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தப்ப அவர் கையோட வாங்கிட்டு வந்தார். எங்கயாவது கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து அணைச்சிடுமாம், உயிருக்குப் பாதுகாப்பாம். வைரவன் மாட்டினான். மாட்டின நாள்லேர்ந்து தொல்லை. அகிலாண்டம் கிரைண்டரைப் போட்டுட்டுக் குழாயைத் திறந்தா, டப்புன்னு விழும். நான் செய்தி கேட்டுக்கிட்டிருப்பேன், டி.வி. போயிடும். எழுந்து போய்த் தூக்கி விடணும். மறுநாளும் டப். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். வைரவன் வந்து பார்த்துட்டு, இது ரொம்ப சென்சிடிவ் சார், நம்ம ஊர்க் கரண்டுக்குச் சரிப்படாது, டைரக்ட் குடுத்துடலாம்னான். டைரக்ட்னா நடுவுல தடங்கல் கிடையாது, மெயின்லேர்ந்து நேரா வீட்டுக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட விழலையே. பெட்டியை மட்டும் கழட்ட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை வந்தா பார்ப்பார் இல்லியா, மனசு கஷ்டப்படக் கூடாது.

அதுக்கப்புறம்தாம்மா அவளுக்கு அந்த வியாதி ஆரம்பிச்சது.

குழாயைத் தொட்டா சுள்ளுங்குதுன்னா. முதல்ல எப்பவாவது சொன்னா. அப்புறம் தினமும். விரல் நுனியிலேர்ந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம், சில நாள் வெடுக்குன்னு இழுக்குதாம். வயசு அறுபதைத் தாண்டிடுச்சு, நரம்புதான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அலட்சியமா விடலை. டாக்டர் அவளைத்தான் கேட்டார், என்ன செய்யறப்ப அப்படி இருக்குன்னு. குழாயைத் தொடறப்பன்னு அவ ஆரம்பிச்சா. அவர் நேரத்தை வீணாக்குவானேன்னு, எப்பவுமே அப்படித்தான் டாக்டர்னு நான் சொல்லிட்டேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிவப்பு மாத்திரை. ஆறு மாசம் சாப்பிட்டா. ஒரு வேளைகூடத் தவறாம நான்தான் ஞாபகப்படுத்துவேன்.

கரண்டா இருக்குமோன்னு நாங்க பார்க்காமலும் இல்ல. அதை நீங்க எழுதிக்கணும். வைரவனை வரவழைச்சுக் குழாயைச் சோதிக்கச் சொன்னேன். அவன் எவ்வளவு ஜாக்கிரதையான ஆள்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். எதைத் தொடறதா இருந்தாலும் முதல்ல மெயினை அணைச்சுடுவான். அன்னிக்கும் முதல்ல மெயினை அணைச்சான். அப்புறம் அடுப்படிக்குப் போய் டெஸ்டரைக் குழாய்ல வச்சான். எரியலை. தொட்டியில வச்சான், எரியலை. கிரைண்டர்ல வச்சான், எரியலை. பக்கத்துலயே நின்னு நான் கண்ணால பார்த்தேன். பாருங்கம்மா, ஒண்ணுமே இல்ல, உங்க மனசுதான்னு அவகிட்ட சொல்லிட்டு, மெயினைப் போட்டுட்டுக் கிளம்பிட்டான்.

ஏம்மா கையை நிறுத்திட்டீங்க?

மெயினை அணைச்சுட்டு... ஆமா. அணைச்சுட்டுத்தான். சொன்னேனே. கரண்ட் இருக்கறப்பத் தொட்டா ஆபத்து இல்லியா?

சரி, நீங்க பாருங்க. உங்க முகத்தைப் பார்த்தா பேச்சு நின்னுடுது.

இல்லம்மா, எனக்கும் சோதனைன்னா என்னன்னு தெரியும். எங்க ஆபீஸ்ல ஸ்டாண்டர்டு படிக்கல்லுப் பெட்டி ஒண்ணு இருக்கும். பித்தளைக் கல்லு, வெல்வெட் துணியில பதிச்சு வச்சிருக்கும். அதைத்தான் கடைக்கடையாத் தூக்கிட்டுப் போய், அதோட ஒப்பிட்டுத்தான் முத்திரை குத்தணும்னு விதி. அந்தப் பெட்டியோட கனம் உங்களுக்குத் தெரியாது. முதல் ரெண்டு வருஷம் தூக்கினேன். அப்புறம் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கடைக்காரரோட கல்லையே அவர் தராசுல வச்சுப் பார்த்துடுவேன். ரெண்டு பக்கமும் அவர் கல்லு. நேரா நிக்கும். முத்திரை குத்திடுவேன். முப்பது வருஷத்துல ஒரு புகார் வந்ததில்ல. அதான் சொல்றேன், முத்திரை, லைசென்ஸ், கையெழுத்து, இதெல்லாம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். நீங்களும் ரொம்பச் சிரமப்பட வேண்டாம். மணி பதினொண்ணு ஆகுது.

சரி, சரி. முழுசாப் பார்த்துட்டே எழுதுங்க.

செருப்பு விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் காலையில அடுப்படியிலேர்ந்து சப் சப்புன்னு சத்தம். எட்டிப் பார்த்தா, கால்ல நீல ரப்பர் செருப்பு. தோசைக்கு மாவு ஆட்டிக்கிட்டு நிக்கிறா. அடுப்படி அலமாரி மேல்தட்டுல சாமி படம் இருக்கும்மா. எங்க வீட்டுல பூஜை அறை தனியாக் கிடையாது, அதுதான் பூஜை அறை. என் அம்மா ஈரப் புடவையோட நின்னு சமைச்ச இடம். அங்க செருப்பு.

என்ன இதுன்னேன். இதைப் போட்டுக்கிட்டா சுள்ளுங்கலைன்னா.

நான் என்னம்மா சொல்லுவேன்? நரம்பு வியாதி செருப்பு போட்டாப் போயிடுமா? அப்படின்னா டாக்டர் செருப்பைத்தானே எழுதிக் கொடுத்திருப்பார்? மெதுவாத்தான் சொன்னேன், அடுப்படியில வேண்டாம்னு. கழட்டலை. முப்பத்தாறு வருஷத்துல நான் சொல்லி அவ கேட்காத முதல் விஷயம் அது. கரண்ட் அடிக்குது, கரண்ட் அடிக்குதுங்கறியே, அடிச்சா எனக்கும்தானே அடிக்கணும், நான் இதே வீட்டுலதானே இருக்கேன்னு கேட்டேன். அவ திரும்பி மாவை வழிக்க ஆரம்பிச்சுட்டா.

நியாயமான கேள்விதானே? எனக்கு ஒரு நாள்கூட அடிச்சதில்ல. இல்லம்மா, நான் அந்தக் குழாயைத் திறந்ததில்ல. எனக்கு அங்க என்ன வேலை? கை கழுவறது கொல்லையில தொட்டித் தண்ணியில. சாப்பாடு ஹாலுக்கு வந்துடும். தண்ணிகூட நான் கேட்டு வாங்க மாட்டேன், தானாக் கொண்டு வந்து வச்சுடுவா. அவளுக்கு நான் ஒரு தொந்தரவும் கொடுக்கறதில்ல.

அதுலேர்ந்து நான் அவகூட சரியாப் பேசறதில்ல. வேணும்ங்கறதைச் சொல்லுவேன், அதோட சரி. மனசு கேட்கலை. கல்யாணத்துக்கு முந்தி எங்க அப்பா செருப்பை வாசல்ல விடறப்பகூடத் தெருப் பக்கம் திருப்பி விடுவார், வீட்டைப் பார்த்து இருக்கக் கூடாதுன்னு. அந்த வீட்டுல, வெள்ளிக்கிழமைகூடப் பார்க்காம, செருப்பைப் போட்டுக்கிட்டுப் பொங்கல் வைக்கிறா. திமிர்னுதான் நினைச்சேன். வேற என்ன நினைக்கிறது? மச்சானுக்குப் போன் பண்ணி, உங்க அக்காவுக்குப் புத்தி சொல்லுங்கன்னேன். அவர் மாசிலாமணி, நல்ல மனுஷன். ஏதாவது காரணம் இருக்கும் அத்தான்னார். காரணம் இருக்குன்னு சொன்னா விட்டுடறதா?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வர்றதா இருந்தது. அவங்க ரொம்ப ஆசாரம். பத்து மணிக்கு வந்துடுவாங்க. அகிலாண்டம் காலையிலயே வடைக்கு உளுந்து போட்டுட்டா. கிரைண்டர் ஓடுது. அவ கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனா. கொல்லைச் செருப்பு வேற, பழசு. நீலச் செருப்பை அடுப்படி வாசல்ல கழட்டி வச்சிருந்தா. இதுதான் சமயம்னு எடுத்தேன். ரெண்டையும் பக்கத்துக் காலி மனையில வீசிட்டு வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துட்டேன். சம்பந்திக்கு முன்னால அசிங்கப்படக் கூடாது பாருங்க.

அவ வந்தா. தேடினா. என்கிட்டக் கேட்கலை. நேரமாச்சேன்னு நினைச்சிருப்பா. உளுந்துக்குத் தண்ணி தெளிக்கணும், வெறுங்காலோட போய்க் குழாயைத் திறந்திருக்கா.

தடார்னு சத்தம். நான் பேப்பரை மடிச்சு வச்சுட்டுத்தான் போனேன். போய்ப் பார்த்தா மாவு பூரா தரையில. ரெண்டு படி உளுந்தும்மா. அவ கிரைண்டருக்கு அந்தப் பக்கம் சுவரோட சாஞ்சு கிடக்கறா. கை மணிக்கட்டு திரும்பியிருக்கு. அது அப்புறம்தான் தெரிஞ்சது. முதல்ல எனக்குத் தெரிஞ்சது மாவு. மாவு பூரா போச்சான்னு கேட்டேன். எதையாவது கேட்கணும் இல்லியா அந்த நேரத்துல?

எலும்பு விரிசல். கட்டுப் போட்டாங்க. விழுந்ததுல கை ஊனினதாலன்னு நான் ஆஸ்பத்திரியில சொன்னேன். சாயங்காலம் அவ தம்பி வந்தார். அவர் கார்ல ஏறறதுக்கு முன்னால வாசப்படியில நின்னு சொன்னா. சம்பந்தியும் அங்கதான் இருந்தாங்க. சத்தம் போடலை, சாதாரணமாத்தான் சொன்னா.

‘செருப்பு போட்டதுக்கு ரெண்டு வருஷம் எங்கூடப் பேசலை. கரண்ட் தூக்கி அடிச்சதுக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா?’

கேட்டேனே. மாவு போச்சான்னு கேட்டேனே. அதை அவ கணக்குல எடுத்துக்கலை.

அப்புறம் தம்பி மூலமாத்தான் பேச்சு. வைரவன் வரக் கூடாது, லைசென்ஸ் இருக்கற ஆள் பார்க்கணும், அவர் எழுதித் தரணும். எழுதினதை நான் கொண்டுபோகணும், படிச்சுப் பார்த்துட்டு வருவா. நானும் விடாம நாற்பது நாள் இருந்து பார்த்தேன். ஓட்டல்லேர்ந்து வாங்கிச் சாப்பிட்டேன். இட்லி ஒரே மாதிரி இருக்கும்மா, ஓட்டல் இட்லி. அதுல யாரும் இல்ல.

போன வாரம் ஒரு காரியம் செஞ்சேன், யார்கிட்டயும் சொல்லலை. அந்தக் காலி மனைக்குப் போய்ச் செருப்பைத் தேடினேன். கருவேல முள்ளு. அரை நாள் தேடினதுல ஒண்ணு கிடைச்சது. இடது கால். இன்னொண்ணை நாய் கொண்டு போயிருக்கும். அதைக் கழுவித் துடைச்சு, அதோ அடுப்படி வாசல்ல வச்சிருக்கேன். உள்ள இல்ல, வாசல்ல. வந்தா பார்க்கட்டும்.

போர்டு முடிஞ்சுதா? இனி அடுப்படிதானா? வாங்க, காட்டறேன். ஏம்மா, இருங்க. அந்த ஷூவை எங்க எடுத்துட்டு வர்றீங்க? அம்மா, நான் அப்பவே சொன்னேனே. நீங்க இந்த அலமாரியைப் பாருங்க, சாமி படம் இருக்கு. வெறுங்காலோட வர மாட்டீங்களா? மாட்டவே மாட்டீங்களா? என்னது, லைசென்ஸ் போயிடுமா? உயிர் போயிடுமா?

சரி. போட்டுக்குங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

என்னையும் உள்ள வராதீங்கன்னா எப்படி, இது என் வீடு. செருப்பு போட்டுக்கிட்டு வரணுமா? என்கிட்ட இருக்கறது தோல் செருப்பு, அதைப் போட்டுக்கிட்டு இங்க நுழையற பாவத்தை மட்டும் நான் செய்ய மாட்டேன். ஆனா நீங்க என்ன செய்யறீங்கன்னு நான் பக்கத்துல நின்னு பார்த்தாகணும். சோதனைன்னா சாட்சி வேணும். அன்னிக்கும் நான்தான் சாட்சி.

இருங்க. இவ செருப்பு இருக்கு. இடது கால். ம். சின்னதா இருக்கு. குதிங்கால் வெளிய நிக்குது, பரவால்ல. வலது காலைத் தூக்கிக்கறேன். கதவைப் பிடிச்சுக்கறேன். மரக்கதவைப் பிடிக்கலாமா? சரி. போடுங்க கிரைண்டரை.

அது என்ன, பல்பு? ரெண்டு வயரா? ஒண்ணைப் போர்டுலேர்ந்து இழுத்த வயர்ல கோக்கறீங்க. இன்னொண்ணை...

குழாய்லயா.

அம்மா, அது எரியுது.

தண்ணிக் குழாய்ல பல்பு எரியுது. கார்த்திகை விளக்கு மாதிரி, மங்கலா... இல்ல, அணைக்காதீங்க. இருங்க. நான் பார்த்துக்கறேன். இன்னும் கொஞ்ச நேரம்.

இந்தக் குழாயை அவ ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பா? அரிசி கழுவ, காய் கழுவ, என் தட்டு, என் காப்பி டம்ளர். எனக்கு எண்ணத் தெரியலை. நான் இங்க வந்து பார்த்தாத்தானே.

போதும். அணைச்சுடுங்க.

எழுதறீங்களா? அதுக்குள்ளயா? என்ன எழுதறீங்க, படிங்க. ‘திரு. நமசிவாயம் அவர்களின் வீட்டில் எர்த் இணைப்பு இல்லை. அடுப்படிக் குழாயில் மின்சாரம் பாய்கிறது. பாதுகாப்புச் சாதனம் துண்டிக்கப்பட்டுள்ளது. வேலை முடியும் வரை இந்த வீட்டில் யாரும் மின்சாரத்தைப் பயன்படுத்தக் கூடாது.’ லைசென்ஸ் நம்பர். கையெழுத்து.

நல்லா இருக்குன்னுதானேம்மா எழுதித் தரச் சொன்னேன். இதை எடுத்துக்கிட்டு நான் எப்படி நாலு மணி பஸ்ல ஏறறது? இப்படி எழுதினா அவ எப்படி வருவா? கடைசி வரியை மட்டும் கொஞ்சம்... முடியாதா?

முடியாது. சரி.

போன் அடிக்குது. சட்டைப் பையில இருக்கு, இருங்க, ஒத்தைக்கால்ல நின்னுக்கிட்டு எடுக்க வரலை. மாசிலாமணிதான்.

சொல்லுங்க. ம். வந்திருக்காங்க, பார்த்துட்டாங்க. எழுதிட்டாங்க, கையெழுத்து இருக்கு. யாரு? அவளா? நாற்பத்து மூணு நாளா... குடுங்க, குடுங்க.

அகிலாண்டம். நான்தான். ம். இல்ல. நல்லா இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க. ஆமா. குழாய்லதான். பல்பு வச்சாங்க. எரிஞ்சுது. நான் பார்த்தேன். இல்ல, மெயின் போட்டுத்தான் வச்சாங்க.

ம்.

கை எப்படி இருக்கு?

எங்க நிக்கிறேனா? அடுப்படியிலதான். ஆமா, உள்ள. என்ன கேக்கறே? கால்லயா? இருக்கு. உன்னோடதுதான், நீலம். ஒண்ணுதான் கிடைச்சுது, இடது கால். வலது காலா? அதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்.

ஹலோ. அகிலாண்டம். ஹலோ.

வச்சுட்டாம்மா. வைக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொன்னா. ‘நான் வர்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க’ன்னா. இதுக்கு என்னம்மா அர்த்தம்? வர்றேன்னு சொல்றாளா, வரலைன்னு சொல்றாளா? உங்களுக்குப் புரியுதா?

சிரிக்காதீங்க. குழி எங்க வெட்டணும்னு சொல்லுங்க. கொல்லையில முருங்கைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. உப்பு, கரி எவ்வளவு வேணும்னாலும் வாங்கிட்டு வர்றேன்.

ஏம்மா, மெயினை அணைச்சுட்டீங்க இல்ல?

அப்ப, காலைக் கீழ வைக்கலாமா?